பூஜைக்கு வைத்த ஹார்ட் டிஸ்க்

விஜயதசமி அன்று காலை எங்கள் வீடியோ கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கடையில் என் பங்குதாரரான சேட்டன், பூஜை எடுப்பதற்காக அவலும் சுண்டலும் கொண்டுவந்த என் அம்மா. இல்லாதவர் ஒருவர்தான், மூன்று வாரத்துக்கு முன் நாங்கள் வீடியோ எடுத்த கல்யாணப் பெண்ணின் அண்ணன். அவர் அந்தக் கல்யாணத்திலும் இல்லை. தோஹாவில் ஏசி மெக்கானிக், லீவு கிடைக்கவில்லை. மண்டபம், சாப்பாடு, நகை, எங்கள் வீடியோவுக்கான அட்வான்ஸ் எல்லாமே அவர் அனுப்பிய பணம். கல்யாணம் முடிந்த அன்று சாயங்காலமே எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "தம்பி, ஆல்பம், பாட்டு, அதெல்லாம் மெதுவா செய். தாலி கட்டுற எடத்த மட்டும் மொதல்ல வெட்டி அனுப்பு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவர் கேட்ட அந்த இடம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. அன்றைக்கே வெட்டி அனுப்பியிருக்கலாம், பத்து நிமிட வேலை. நான்தான் அனுப்பவில்லை. மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் முகங்கள் பச்சையாகத் தெரிந்தன. நிறத்தைச் சரிசெய்து, நாதஸ்வரத்தின் இரைச்சலைக் குறைத்து, பார்த்ததும் அவர் அசந்துபோகிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து எனக்கு வந்த முதல் வேலை அது. மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் குவார்ட்டர்ஸ். அதுவரை எந்தக் கல்யாணமானாலும் எர்ணாகுளத்துப் பெரிய ஸ்டுடியோக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதற்கு மேல் இரண்டு வருடம் எடிட்டிங் டிப்ளமோவும் படித்தவன் என்பதால், "நம்ம பையன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு" என்று இந்த முறை என்னிடம் கொடுத்தார்கள். அதை அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை.

ஏன் ஒரே டிஸ்க் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள்.

கேமரா சேட்டனுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது. அதுதான் எங்கள் பங்கு. சேட்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து மெமரி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியதும், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது போலக் கார்டுகளில் இருப்பதை அழித்துவிட்டுத் திரும்பக் கேமராவில் போட்டுவிடுவார். அந்தக் கார்டுகளில் மறு வாரமே ஒரு பள்ளிப் பெருநாளையும், அதாவது சர்ச் திருவிழாவையும், எடுத்துவிட்டார். நகல் வைக்கும் பழைய டிஸ்க் ஆவணி மாதக் கல்யாணங்களில் நிறைந்துபோனது. அதனால் புதிதாக ஒன்று வாங்கினோம். நான்கு டெராபைட், பெட்டி பிரிக்காதது.

அதைப் பிரிக்க விடாதது நான்தான். நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. புதுச் சாமானைப் பூஜையில் வைத்து, விஜயதசமி அன்று எடுத்துத் தொடங்கினால் நல்லது என்று அம்மா சொன்னாள். நான் அதைச் சேட்டனிடம் சொன்னேன். "அது நல்லதாடா, அங்ஙன செய்யாம்" என்று அவரும் தலையாட்டினார். பத்து நாள் புது டிஸ்க் சீல் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அஷ்டமி அன்று சாயங்காலம் கேமராவையும் லென்ஸுகளையும் கீபோர்டையும் புது டிஸ்கையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு, கம்ப்யூட்டரை அணைத்தோம். பூஜை வைத்தால் எடுக்கும் வரை தொடக் கூடாது. ஐந்து வருடமாக, அந்தக் கல்யாணம் இருந்த டிஸ்க் கம்ப்யூட்டருக்குள் ஓடாமல் முழுதாக ஒரு நாள் கூட இருந்ததில்லை. கல்யாண சீசனில் ராத்திரியும் அணைக்க மாட்டோம். அன்றுதான் அதற்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது.

விஜயதசமி காலை விளக்கேற்றி, கீபோர்டை எடுத்து மாட்டி, புது டிஸ்கின் பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்தேன். முதல் வேலையாக அந்தக் கல்யாணத்தை நகலெடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் வேறு டிஸ்கில் இருப்பதால் அது வந்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால், கல்யாணம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சிவப்பாகக் கட்டங்கள். கோப்பு காணவில்லை, எங்கே வைத்தாய் என்று கேட்கிறது. கேபினட்டுக்குள்ளிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும். ஏதோ சுழன்று எழும். மறுபடி டக், டக், டக்.

"எந்தா அது, பல்லியா?" என்றார் சேட்டன்.

"பல்லி இல்ல சேட்டா. டிஸ்க்."

"ஒண்ணு ஓஃப் ஆக்கி ஓண் ஆக்கிக்கே."

செய்தேன். டக், டக், டக். டேட்டா கேபிளைக் கழற்றி வேறு மாட்டினேன். போர்டில் வேறு துளையில் சொருகினேன். பவர் வயரை மாற்றினேன். சத்தம் ஒரு துளியும் மாறவில்லை. அம்மா சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அந்தப் பொட்டிக்குள்ளதானே இருக்கு? தொறந்து எடுக்க வேண்டியதுதானே?"

"அம்மா, அது தொறக்கக் கூடாத பொட்டி."

"தொறக்கக் கூடாத பொட்டியில எதுக்குடா ஊரான் கல்யாணத்தப் போட்டு வச்ச?"

சேட்டன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்கு பவர் சப்ளையில் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன் என்றால், அது வாங்கினால் சரியாகக்கூடிய சாமான். ஓடிப்போய் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒரு பவர் சப்ளையும் நூற்றைம்பதுக்கு ஒரு கேபிளும் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால், என் நாற்காலியில் உட்கார்ந்து சேட்டன் மொபைலில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எடா, இவன் பறயுணு, டிஸ்கைக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ஒரு மணிக்கூர் வச்சா சரியாகும்னு."

"சேட்டா, அதெல்லாம் பழைய காலத்துக் கதை. உள்ள தண்ணி கோத்துக்கும்."

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சும்மாதானே?"

"சும்மா ஒண்ணும் இல்ல. அயல இருக்கு" என்றாள் அம்மா. "உங்க கல்யாணத்த மீனோட வைக்க என்னால ஆவாது."

புது பவர் சப்ளையை மாட்ட அரை மணி நேரம் ஆனது. போட்டேன். டக், டக், டக். கேபினட்டை ஓங்கி ஒரு குத்து விடலாம் போல இருந்தது. விடவில்லை. எழுந்து வெளி வராந்தாவில் நின்றேன். எங்கள் கடை மசாலா கிடங்குகள் இருக்கும் தெருவில், ஒரு கிடங்கின் மாடியில். கீழே லாரியில் இஞ்சி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் காரணமே இல்லாமல் கோபம் வந்தது.

அப்போதுதான் உள்ளே இருந்து சேட்டன் கத்தினார். "வந்நு! வந்நு! தெளிஞ்சு!"

ஓடினேன். சத்தம் நின்றிருந்தது. திரையில் டிஸ்க் வந்திருந்தது, தன் பெயரோடு. நான் வைத்த பெயர்தான். உள்ளே போய் அந்த ஒரு கோப்பை, தாலி கட்டும் கோப்பை, பக்கத்து டிஸ்குக்கு இழுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் போதும். அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

ஆனால் நான் மவுஸைத் தொடுவதற்குள் திரையில் ஒரு கேள்வி வந்தது. டிஸ்கில் பிழைகள் உள்ளன, சரிசெய்யவா என்று கேட்டது. சிறு வயதிலிருந்தே கேள்வி கேட்டால் கையைத் தூக்கிப் பதில் சொல்கிற பிள்ளை நான். வீட்டில் எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பாடப்புத்தகம் என்ன சொன்னதோ அதை அப்படியே செய்துதான் ஒவ்வொரு வகுப்பாக ஏறினேன். கம்ப்யூட்டர் எழுத்தில் கேட்கிறது, அதற்குத் தெரியாமலா கேட்கும் என்று நினைத்தேன். ஆமாம் என்பதை அழுத்தினேன்.

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணி ஆனது. சேட்டன் சாயா வாங்கி வந்து குடித்துவிட்டு ஒரு சுற்று வெளியே போய் வந்தார். பதினொரு சதவீதத்தில் கோடு நின்றது. மூன்று மணிக்கும் அங்கேயே நின்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். மூன்றரைக்கு மறுபடி டக், டக், டக். திரை ஒரு நொடி உறைந்தது. பிறகு புதுக் கேள்வி: இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?

அதற்கு மட்டும் வேண்டாம் என்று அழுத்தும் அளவுக்கு அறிவு இருந்தது. அணைத்தேன்.

மறுநாள் தோஹா அண்ணனிடமிருந்து வாய்ஸ். "தம்பி, விஜயதசமி முடிஞ்சிருச்சுல்ல? வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. ரூம்ல பெரிய டிவி இருக்கு. எல்லார்ட்டயும் சொல்லி வச்சுட்டேன், என் தங்கச்சி கல்யாணம் போடுறேன்னு. பிரியாணியெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. தாலி கட்டுறத மட்டும் அனுப்பு, சரியா?"

"ரெண்டர் ஆகிட்டிருக்குண்ணே" என்று எழுதி அனுப்பினேன், வெட்டிய வீடியோ கோப்பாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற அர்த்தத்தில். அது பொய்.

வேறு யாராவது மொபைலில் எடுத்திருப்பார்கள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாகக் கேட்டேன். ஏழு பேர் எடுத்திருந்தார்கள். ஏழு வீடியோவிலும் நடுவில் ஒரே உருவம்: சேட்டனின் முதுகு. சரியான நேரத்தில் மேடைக்கு முன்னால் வந்து, "மொபைல் மாறு, மொபைல் மாறு, ஃப்ரேம்ல வரண்டா" என்று எல்லாரையும் கையால் தள்ளிவிட்டிருக்கிறார். நீலச் சட்டை, நடுவில் வியர்வை. அந்தச் சட்டைக்கு அப்பால் ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. என் அம்மா ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இந்த முதுகுக்குத்தான்டா மஞ்சக்கயிறு கட்டியிருக்கணும்."

சேட்டனிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்தார். "ஞான் ஜோலி செய்ததல்லேடா" என்று மட்டும் சொன்னார். வேலையைத்தான் செய்தார். அதில் தப்பு சொல்ல முடியாது.

கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டேட்டா எடுத்துக் கொடுக்கும் ஓர் இடம் இருப்பதாக ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். வியாழக்கிழமை டிஸ்கைத் துண்டில் சுற்றி அம்மாவின் சோற்று டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தோப்பும்படியிலிருந்து வெலிங்டன் தீவுக்குப் போகும் சாலையில் ஒவ்வொரு குழிக்கும் டப்பாவை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், "சாம்பாரா மோனே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அங்கே இருந்தது ஒரு பெண். என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். டிஸ்கைக் காதோரம் வைத்து ஒரே ஒரு தடவை மின்சாரம் கொடுத்தாள், உடனே துண்டித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"சத்தம் வந்த பிறகு எத்தனை நேரம் ஓடியது?" மலையாளத்தில் கேட்டாள்.

"நாலு மணி நேரம்."

பேனா நின்றது. "எதற்கு?"

"அது சரிசெய்யவா என்று கேட்டது. ஆமாம் என்றேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் பழைய டிஸ்க் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்தி இரண்டு நாள் கழித்து எழுப்பினால் சில சமயம் எழும்பாது என்று சொன்னாள். அது நடுவில் ஒருமுறை எழும்பியபோது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு அணைத்திருக்கலாம் என்றாள். டிஸ்கைப் படிக்கும் முனை, தகவல் பதிந்த தட்டின் மேல் நான்கு மணி நேரம் உரசியிருக்கிறது. இதே மாடலில் இன்னொரு டிஸ்க் தேடிப்பிடித்து, அதிலிருந்து முனையை எடுத்து இதில் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஆகும். பதினெட்டாயிரத்து ஐந்நூறு. கிடைக்கும் என்று உறுதி இல்லை.

"எல்லாம் வேண்டாம்" என்றேன். "ஒரு கோப்பு கிடைத்தால் போதும்."

"எந்தக் கோப்பு என்று டிஸ்குக்குத் தெரியாது. நீங்கள் அழுத்திய ஆமாமில் பெயர்கள் எல்லாம் போய்விட்டன."

முயன்று பாருங்கள் என்று டிஸ்கை அவளிடம் விட்டுவிட்டு, வெளியே வந்து ஸ்டாண்டில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். இனிமேல் பொய் சொல்ல முடியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், பூஜை வைத்ததையும், ஆமாம் அழுத்தியதையும். அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே?"

"கேக்குது, கேக்குது." குரல் மெதுவாக வந்தது. "ரெண்டர் ஆகுதுன்னு சொன்னியே?"

"பொய்ண்ணே."

"மூணு வாரம் உன்கிட்ட இருந்துச்சு. நான் ஒண்ணுதானே கேட்டேன்? ஒண்ணு."

"நல்லா பண்ணி அனுப்பணும்னு..."

"யாருடா கேட்டா நல்லா பண்ணச் சொல்லி? பச்சையா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன? என் தங்கச்சிடா அது." மெஷின் சத்தம் நின்றது. "என் காசுல நடந்த கல்யாணத்துல நான் பாத்தது என்ன தெரியுமா? பந்தியில எல போட்ட போட்டோ ஒண்ணு. குவார்ட்டர்ஸ்ல எவனோ அனுப்புன மொபைல் வீடியோவுல ஒரு நீலச் சட்ட முதுகு. அவ்வளவுதான். நாளைக்கு ரூம்ல என்னத்தப் போடுறது? அந்த முதுகப் போடவா?"

போனை வைத்துவிட்டார். நான் ஸ்டாண்டிலேயே நின்றேன். தோப்பும்படி பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க வழி இல்லாததுதான் என்னை அப்படி நிற்க வைத்தது. மெஷின் கெட்டுப்போனது என்றால் விதி என்று விட்டுவிடலாம். கெட்டுப்போகாமல் மூன்று வாரம் இருந்தது. கெட்ட பிறகும் ஒரு தடவை எழும்பி வந்து கேட்டது.

இரண்டு வாரத்தில் அந்தக் கலூர்ப் பெண் கூப்பிட்டாள். கிடைத்தவை ஆயிரத்து அறுநூறு துண்டுகள். பெயர் கிடையாது, தேதி கிடையாது, வெறும் எண்கள். பாதி திறக்காது. ஐந்து வருடக் கல்யாணம் எல்லாம் கலந்து கிடந்தது. யார் யாரோ சிரிக்கிறார்கள், யார் யாரோ இலையில் பரிமாறுகிறார்கள், ஒரு குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போடுகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்து, மூடினேன். நாள் கணக்காகப் பகல் முழுக்க அதே வேலை. இந்தத் தடவை திறக்கும்போதே புது டிஸ்கிலும் இன்னொன்றிலும் நகல் போட்டுவிட்டேன். சேட்டன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மண்டபங்கள் எல்லாம் அடையாளம் தெரியும். "அது திருப்பூணித்துறை. அடுத்தது. அது வைப்பின். அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு துண்டைத் திறந்தேன். கெட்டிமேளம். பெண்ணின் குனிந்த தலை. சேட்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதல் முடிச்சு தெளிவாக இருந்தது. இரண்டாவது முடிச்சில் படம் கட்டம் கட்டமாகக் கிழிந்தது. மூன்றாவது முடிச்சுக்குப் படமே இல்லை, சாம்பல் நிறத்தில் திரை மட்டும். சத்தம் மட்டும் கடைசி வரை இருந்தது. மொத்தம் ஐம்பத்தி நாலு நொடி.

நிறம் சரிசெய்யவில்லை. இரைச்சல் குறைக்கவில்லை. பச்சை முகங்களோடு அப்படியே அனுப்பினேன். நீல டிக் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து வாய்ஸ்.

"பாத்தேன். ரூம்ல எல்லாரும் பாத்தோம்." பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள், அவர் அவர்களை அதட்டினார். "மூணாவது முடிச்சு யாருடா போட்டது? மாப்பிள்ளையோட அக்காதானே? அந்தச் சத்தத்துல 'இறுக்கிக் கட்டாத, கழுத்து வலிக்கும்'னு ஒரு குரல் வருதே, அது எங்க அம்மாதானே?"

நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாதஸ்வரத்துக்கு அடியில், நான் குறைக்க நினைத்த அந்த இரைச்சலுக்குள் அந்தக் குரல் இருந்தது. ஆமாண்ணே, அவங்கதான் என்று எழுதினேன்.

"சரி. ஆனா பாக்கி ஆறாயிரம் நான் தர மாட்டேன். கேக்கவும் கூடாது."

"கேக்க மாட்டேண்ணே."

"குவார்ட்டர்ஸ்ல அடுத்த கல்யாணத்துக்கு உன்ன கூப்பிடலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

இன்று வரை அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

சேட்டனும் நானும் செலவை ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் என் பங்கு, நான் முழுதும் தருகிறேன் என்றேன். "முதுகு என்டேதல்லேடா?" என்று தன் முதுகைத் தட்டிக் காட்டினார். டேட்டா எடுத்ததற்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, தேவையில்லாமல் வாங்கிய பவர் சப்ளையும் கேபிளும், கெட்டுப்போன டிஸ்குக்குப் பதிலாக ஏழாயிரத்து இருநூறுக்கு இன்னொன்று, அண்ணன் தராமல் விட்ட ஆறாயிரம். எல்லாம் சேர்த்து முப்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.